கிழக்குக் கரையோரம் – 17: மணல் இருந்தவரை மீன்

வீரமுனையில் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் வயல்தான். கடல் கண்ணுக்குத் தெரியாது, அதன் இரைச்சலும் அவ்வளவு தூரம் எட்டாது. ஆனால் ஊர்க்காரரிடம் சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயிலின் கதையைக் கேட்டால், தொடக்கம் முதல் முடிவுவரை கப்பல்தான். சோழ நாட்டு இளவரசி சீர்பாததேவி தன் கணவன் பாலசிங்கனோடு கப்பலேறி வருகிறாள். திருகோணமலைக் கடலில் கப்பல் அசையாமல் நின்றுவிடுகிறது. சிந்தன் என்பவர் நீருக்குள் இறங்கிப் பார்க்கப் பிள்ளையார் சிலை தட்டுப்படுகிறது. கப்பல் எங்கே கரை தட்டுகிறதோ அங்கே கோயில் எடுப்பேன் என்று தேவி நேர்ந்துகொள்கிறாள். மட்டக்களப்பு வாவிக்குள் நுழைந்து தெற்கு நோக்கி வந்த கப்பல் வீரமுனையில் வந்து நின்றது என்று கதை முடிகிறது.

இதில் வரும் அரசர்களை ஆண்டுக்கணக்கில் பொருத்திப் பார்க்க முயன்றவர்கள் உண்டு. அது வீண் வேலை என்பது என் எண்ணம். கதையில் எனக்கு வேண்டியது அந்த நீர்வழி மட்டும்தான். பக்கத்தில் இருக்கும் சம்மாந்துறைக்காரர்களும் தங்கள் ஊர்ப் பெயரைச் சம்பான்கள் வந்து தட்டிய துறையோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். இன்று நெல் விளையும் இந்த ஊர்கள் ஒரு காலத்தில் வாவியின் வழியாகக் கடலோடு பேசிக்கொண்டிருந்தன. வாவி தூர்ந்து, நீர்வழி அடைபட்டு, கடலுக்கும் இந்த ஊர்களுக்கும் இடையே எஞ்சியது ஒரு றோட்டு. காரைதீவு முச்சந்தியில் தொடங்கிச் சம்மாந்துறைப் பக்கமாக அம்பாறைக்குப் போகும் அந்த றோட்டில்தான் பல தலைமுறையாக மீன் மேற்கே போனது, நெல் கிழக்கே வந்தது. சென்ற இதழில் மருதமுனைத் தறிகளைப் பார்த்தோம். இந்த இதழில் தறிகளுக்குப் பின்னால், தென்னைகளுக்கு அப்பால் இருக்கும் மணலுக்கு வருவோம்.

பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர், அட்டப்பள்ளம், ஒலுவில், பாலமுனை. வடக்கிலிருந்து தெற்காக இப்படிச் சொல்லிக்கொண்டே போகலாம். தமிழ் ஊர், முஸ்லிம் ஊர், மறுபடி தமிழ் ஊர் என்று மாறி மாறி வரும். எங்கே ஒன்று முடிந்து எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று வெளியூரான் கண்டுபிடிக்க முடியாது. போர்த்துக்கேயர் தங்கள் பிடியில் இருந்த கரையோரத்தை விட்டுத் துரத்திய முஸ்லிம்களைக் கண்டி அரசன் செனரத் 1626இல் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். அதற்கு முன்பும் இங்கே முஸ்லிம்கள் இருந்தார்கள். ஆனால் இன்றைய கரையோரத்தின் நெருக்கத்துக்கு அந்தக் குடியேற்றமும் ஒரு காரணம்.

இத்தனை ஊர்கள் இருக்கின்றன, ஆனால் இவற்றில் ஒன்றுக்குக்கூட இயற்கைத் துறைமுகம் கிடையாது. திருகோணமலைக்குக் குடா இருக்கிறது, வாழைச்சேனைக்குக் கழிமுகம் இருக்கிறது. கல்முனைக் கரையோ நூல் பிடித்ததுபோல நேரே ஓடுகிறது. அலை நேராக வந்து மணலில் மோதும். படகை நங்கூரமிட்டு நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்க இடமில்லை. கடலுக்குப் போனவன் திரும்பி வந்தால் தோணியை மணலில் ஏற்றியாக வேண்டும். இந்த ஒரு குறையிலிருந்துதான் இந்தக் கரையின் மீன்பிடி முழுவதும் உருவாயிற்று. படகை நிறுத்த முடியாத இடத்தில், மீனைத் தேடிப் போவதைவிட மீனைக் கரைக்கு இழுத்துக்கொள்வது மேல். அதற்குப் பெயர் கரைவலை.

கரைவலையைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நடுவில் ஒரு பெரிய பை, அதுதான் மடி. மடியின் இரு பக்கமும் இறக்கைபோல வலை நீளும். மடிக்குக் கிட்ட கண்கள் மிகச் சிறியவை, விலக விலகப் பெரிதாகும். அதற்கப்பால் கயிறு. ஒரு கயிற்று முனையைக் கரையில் நிற்பவர்களிடம் கொடுத்துவிட்டுத் தோணி கடலுக்குள் போகும். முதலில் கயிறு, பிறகு ஒரு பக்க வலை, பிறகு மடி, பிறகு மறுபக்க வலை என்று ஒவ்வொன்றாய்த் தண்ணீரில் இறக்கிக்கொண்டே அரைவட்டமாக வளைந்து, சில நூறு யார் தள்ளி மறு கயிற்று முனையோடு கரையேறும். அதன் பிறகு இழுவை. இரண்டு அணி, ஒவ்வொன்றிலும் பதினைந்து இருபது பேர். குதிகாலை மணலில் புதைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, ஒருவன் குரல் கொடுக்க மற்றவர்கள் வாங்கிச் சொல்லி இழுப்பார்கள். கடைசியில் நிற்பவன் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு முன்னால் ஓடிவந்து நீரோரம் பிடித்துக்கொள்வான். இப்படியே ஆட்கள் சுழன்றுகொண்டிருப்பார்கள். வலை நெருங்க நெருங்க இரண்டு அணிகளும் ஒன்றை நோக்கி மற்றது நகர்ந்து வரும். இந்த நகர்வில் தப்பு நேர்ந்தால், ஒரு பக்கம் முந்தினால், மீன் மறு பக்கமாக வெளியேறிவிடும்.

இழுவையை நடத்தும் தண்டையல் கையில் கயிறு இருக்காது, கண்தான் வேலை செய்யும். கரையில் நின்றபடி தண்ணீர் எங்கே கறுத்துத் துடிக்கிறது, பறவை எங்கே தாழ்கிறது, நீரோட்டம் வடக்கே இழுக்கிறதா தெற்கே இழுக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். நீரோட்டத்தைத் தப்பாகக் கணித்தால் வலை பக்கத்து ஊர்க்காரனின் பாட்டுக்குள் போய் நின்றுவிடும். பிறகு வரும் சண்டையை மீன் விற்ற காசால் தீர்க்க முடியாது.

மடி கரை தொடும் நேரம் ஊர்ச் சிறுவர் முழுக்க அங்கே இருப்பார்கள். கீரி மீன் என்றால் மணல் வெள்ளியாக மினுங்கும். நெத்தலி, சாளை, சூடை, இடையில் சில பாரை, வழி தவறி வந்த கணவாய், ஒரு திருக்கை. இழுத்தவர்கள் ஒவ்வொருவருக்கும் அன்றைய கறிக்கு மீன் ஒதுக்கிவிட்டு மிச்சம் ஏலத்துக்குப் போகும். செலவு கழித்து மிஞ்சும் காசில் ஒரு பாதி வலைக்கும் தோணிக்கும், மறு பாதி இழுத்தவர்களுக்கு என்பது பரவலான கணக்கு. ஊருக்கு ஊர், முதலாளிக்கு முதலாளி இதில் ஏற்றம் இறக்கம் உண்டு. மீன் படாத வாடைக் காலத்தில் அதே முதலாளிதான் முன்பணம் கொடுப்பார், அந்தக் கடன்தான் அடுத்த பருவம்வரை ஆளை அவர் வலையில் கட்டிப்போடும். கரைவலையைக் கூட்டுறவின் அழகு என்று எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தை வாசிக்காமல் தாண்டிவிடுகிறார்கள்.

பாடு என்று சொன்னேனே, அதுதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி. கரையில் எல்லா இடத்திலும் வலை இழுக்க முடியாது. அடியில் கல் இருக்கக் கூடாது, சரிவு மெல்லியதாக இருக்க வேண்டும், இழுப்பவர்கள் காலூன்ற அகலமான மணல் வேண்டும். அப்படியான ஒவ்வொரு துண்டும் ஒரு பாடு. ஒரே பாட்டில் பல வலைகள் இருந்தால் முறை வைத்துத்தான் போட வேண்டும். இன்று உன் முறை, நாளை என் முறை. முறை வந்த நாளில் கடல் காய்ந்து கிடந்தால் அது அவரவர் விதி. தங்காலைப் பக்கம் மாவெல்ல என்ற சிங்களக் கிராமத்தில் தங்கி இந்த முறையை ஆராய்ந்த மானிடவியலாளர் போல் அலெக்சாண்டர் 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். மீன் விலை ஏற ஏற ஆளாளுக்கு வலைப் பங்கு வாங்கினார்கள். வலைகள் பெருகின, கடற்கரை பெருகவில்லை. எனவே ஒவ்வொருவரின் முறையும் தள்ளித் தள்ளிப் போயிற்று. அவர் அங்கே கண்டதைக் கிழக்குக் கரையின் எந்தக் கிழவரும் தன் ஊர்க் கதையாகவே ஒப்புக்கொள்வார். அரசு 1984இல் கரைவலைக்கென்று தனி ஒழுங்குவிதிகள் கொண்டுவந்தபோதும் அதில் கட்டுப்படுத்தியது, எந்தக் கரையில் எத்தனை வலை, யாருக்கு அனுமதி என்பதைத்தான்.

இதே கேள்வியை உலகின் இன்னொரு மூலையில் வேறு விதமாகத் தீர்த்தார்கள். சால்மன் மீன் முட்டையிட ஆற்றுக்குத் திரும்பி வரும் மீன். அது வரும் வழி தெரியும், வரும் காலமும் தெரியும். கலிபோர்னியாவின் சக்ரமெண்டோ ஆற்றங்கரையில் 1864இல் அதை முதன்முதலாகத் தகரத்தில் அடைக்கத் தொடங்கினார்கள். பிறகு தொழிற்சாலைகள் வடக்கே நகர்ந்து அலாஸ்காவுக்குப் போயின. அங்கே கம்பெனிகள் மீன் வரும் வழியிலேயே பெரிய பொறிக்கூடுகளை நிறுத்தின. கரையோரத்தின் நல்ல இடங்கள் எல்லாம் தொலைதூர முதலாளிகள் கைக்குப் போயின, உள்ளூர் மீனவன் மிச்சத்தைப் பொறுக்கினான். 1959இல் அலாஸ்கா தனி மாநிலமானதும் செய்த முதல் வேலைகளில் ஒன்று அந்தப் பொறிகளைத் தடைசெய்தது. 1973இல் இன்னொரு சட்டம் வந்தது. இத்தனை பேருக்கு மட்டும்தான் உரிமம், புதிதாக வருகிறவன் பழையவனிடம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றது. உரிமத்துக்குச் சந்தை விலை ஏறி, மீனவனின் மகனே மீனவனாக முடியாத நிலை வந்தது. நம் பாட்டு முறையில் ஆயிரம் குறை உண்டு. ஆனால் சாய்ந்தமருதில் கரைவலை இழுக்கப் போகும் பையனிடம் யாரும் உரிமப் பத்திரம் கேட்டதில்லை. கயிற்றைப் பிடித்தால் பங்கு.

சால்மன் கல்முனைக்கும் வந்தது, தகரத்துக்குள். நம் கடைகளில் டின் மீனுக்குச் சமன் டின் என்ற பெயர் நிலைத்துவிட்டது, அதற்குள் பெரும்பாலும் இருப்பது கானாங்கெளுத்தி வகை என்றாலும். கடல் கொந்தளிக்கும் மார்கழியில், கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் வீட்டில் சமன் டின் உடைத்துக் கறி வைப்பதை நகைப்பாக நினைக்க வேண்டாம். துறைமுகம் இல்லாத ஊரில் வாடைக் காலம் அப்படித்தான் போகும்.

வாடை தணிந்து மாசி, பங்குனியில் கடல் படியத் தொடங்கினால் கிழக்குக் கரையெங்கும் ஆள் நடமாட்டம் கூடும். அடுத்து மேற்குக் கரையில் கடல் குழம்பத் தொடங்குவதால் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் வலையோடும் குடும்பத்தோடும் கிழக்கே வந்து வாடி அமைப்பார்கள். கச்சான் காற்று ஓயும்வரை தங்கிவிட்டுப் போவார்கள். இந்த வருகையால் உரசலும் வந்தது, தொழில்நுட்பமும் வந்தது.

கல்முனைக்குடியின் கடற்கரைப் பள்ளியையும் இங்கே சொல்ல வேண்டும். நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் மணலோரத்தில் எழுந்த அந்தத் தர்ஹாவின் கொடியேற்றம் இரண்டு நூற்றாண்டாக நடக்கிறது. நாகூர் ஆண்டகை கடலோடிகளின் காவலர் என்பது வங்கக் கடலின் இரு கரையிலும் உள்ள நம்பிக்கை. கொடி ஏறும் நாட்களில் சுற்றியுள்ள தமிழ் ஊர்களிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். சந்தனக்கூடு, கொடி என்றாலே முகம் சுளிக்கும் போக்கு இப்போது முஸ்லிம் ஊர்களில் இருக்கிறது. அந்த விவாதம் வேறு தொடருக்கு உரியது.

அரசாங்கம் மீன்பிடியில் கைவைத்தது 1940ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு. மறு ஆண்டு தனித் திணைக்களம் வந்தது. 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா படகுகளும், கொழும்பு முகத்துவாரப் பகுதியில் குளிரூட்டி நிலையமும் தந்தது. 1958இலிருந்து மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகளை மானியத்தில் கொடுத்தார்கள். 1964இல் மீன்பிடிக் கூட்டுத்தாபனம். எல்லாம் நல்ல திட்டங்கள்தான். ஆனால் மூன்றரைத் தொன் படகைத் தினமும் மணலில் இழுத்து ஏற்ற முடியுமா? அது மிதந்துகொண்டு நிற்க வேண்டும். மிதக்க இடம் உள்ள ஊர்கள் முந்திக்கொண்டன. கல்முனைக் கரைக்கு உண்மையில் உதவியவை இரண்டு. ஒன்று நைலோன் வலை. அதற்கு முன் தும்பிலும் பருத்தியிலும் வலை முடைந்து, மரப்பட்டைச் சாயம் காய்ச்சி ஊறவைத்து, ஒவ்வொரு இழுவைக்குப் பிறகும் மணலில் விரித்துக் காயவைக்க வேண்டும். ஒரு மழைக்கு நனைந்து கிடந்தால் உளுத்துவிடும். நைலோன் வந்ததும் அந்த வேலை பாதிக்குமேல் போயிற்று. மற்றது, பதினெட்டு அடி பைபர் படகு. ஐந்தாறு பேர் சேர்ந்தால் மணலில் ஏற்றிவிடலாம், பின்னால் ஒரு எஞ்சின் மாட்டினால் போதும். பலகைகளைத் தும்புக்கயிற்றால் தைத்துக் கட்டிய பழைய தோணிகள் ஒவ்வொன்றாய் அடுப்புக்குப் போயின.

பிடித்த மீன் எங்கே போயிற்று? ஐஸ் வருவதற்கு முன் இரண்டே வழி. ஒன்று, மணலில் உலர்த்திக் கருவாடாக்குவது. மற்றது, அன்றே மேற்கே கொண்டுபோவது. தலையில் கூடை, பிறகு காவடிபோலத் தோளில், பிறகு சைக்கிளில் மரப்பெட்டி, கடைசியாக ஐஸ் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள். மாளிகைக்காட்டிலும் காரைதீவிலும் விடியற்காலை ஏலத்தில் எடுத்த மீன், வெயில் ஏறுமுன் சம்மாந்துறையும் வீரமுனையும் மல்வத்தையும் தாண்டிப் போகும். அறுவடைக் காலத்தில் காசுக்குப் பதில் நெல். களத்துமேட்டில் மீன்காரன் வந்து நிற்பான், மரைக்காலில் நெல் அளந்து கொடுப்பார்கள். கணக்கு எழுதுவதில்லை. இன்ன வீட்டில் பெரிய மீன் வாங்குவார்கள், இன்ன வீட்டில் கந்தசஷ்டி விரதம், ஒரு வாரம் அந்தப் படலையில் நிற்கவே வேண்டாம் என்பதெல்லாம் மீன்காரனுக்கு மனப்பாடம். முஸ்லிம் மீன்காரனுக்குத் தமிழ் ஊரின் நாட்காட்டி தெரிந்திருந்தது. அவன் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் வரமாட்டான் என்பது இவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி, மேற்கே புதிய குடியேற்றங்கள் எழுந்ததும் மீனுக்குப் புதிய வாய்கள் கிடைத்தன. ஆனால் அணைகட்டிய குளத்தில் வளர்ந்த திலாப்பியா அடுத்த சில ஆண்டுகளில் போட்டிக்கு வந்தது. இலங்கைக்கு அந்த மீனைக் கொண்டுவந்தது 1952இல். ஏழைக் கமக்காரனுக்கு அது மலிவு. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. மாவட்டத்தின் பெயரும் தலைநகரும் உள்நாட்டுக்குப் போக, மீன் பிடிக்கிற ஊர்கள் எல்லாம் அதன் ஓரமாயின.

1990. அந்த ஆண்டு ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். ஓகஸ்ட் 12ஆம் திகதி வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். வீரமுனை மக்கள் ஊரைவிட்டு அகதிகளாய்க் கரையோரத் தமிழ் ஊர்களுக்கு ஓடினார்கள். கப்பல் வந்து நின்ற கதையைச் சொல்லி வந்த கோயிலுக்கு இன்று ஒவ்வோர் ஓகஸ்ட்டிலும் வேறொரு நினைவு நாள் இருக்கிறது. போர் நடந்த ஆண்டுகளில் மீன்காரன் வரும் றோட்டில் நின்றது பெரும்பாலும் காவலரண். கடலிலும் அதே கதைதான். எஞ்சினுக்குக் கட்டுப்பாடு, இரவுத் தொழிலுக்குத் தடை, அனுமதிச் சீட்டு. எஞ்சின் முடங்கிய காலத்தில் கரைவலை மட்டும் ஓரளவு தொடர்ந்தது. கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நடக்கும் தொழிலைப் படையினர் சந்தேகிக்கக் காரணம் குறைவு.

2004 டிசெம்பர் 26 சுனாமி பற்றி இந்தத் தொடரில் ஏற்கனவே எழுதிவிட்டேன். இலங்கையில் அதிக உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்தில்தான், பத்தாயிரத்துக்கும் மேல். மீன்பிடியைப் பற்றி மட்டும் இங்கே. நாட்டின் மீன்பிடிக் கலங்களில் ஏறத்தாழ முக்கால்வாசி அழிந்தன அல்லது சேதமாயின. தொண்டு நிறுவனங்கள் படகு கொடுக்கப் போட்டியிட்டன. பைபர் படகு செய்யும் பட்டறைகள் இரவு பகலாக ஓடின. கடலையே பார்த்திராதவர் பெயரிலும் படகு வந்தது, வலையை மட்டும் இழந்தவருக்கு ஒன்றும் வராமலும் போயிற்று. படகுக்கு முன்னால் போட்டோ எடுக்கலாம், வலைத் துண்டுக்கு முன்னால் எடுத்தால் எடுபடாது.

அதைவிடக் கரையை உலுக்கியது, வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்ற அறிவிப்பு. தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீற்றர். சாய்ந்தமருதிலும் மாளிகைக்காட்டிலும் கிழக்கே கடல், மேற்கே வயலும் தோணாவும், இடையில் ஒரு கீற்று நிலம். அதில் 200 மீற்றரை வெட்டி எடுத்தால் ஊர் எங்கே போகும்? எதிர்ப்பு எழுந்து, பிறகு அந்த எல்லை தளர்த்தப்பட்டது. அதற்குள் பலர் மணலை விட்டு உள்ளே குடிபெயர்ந்திருந்தார்கள். அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியில் கட்டிய 500 வீடுகள் இன விகிதாசார வழக்கில் சிக்கி ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்ததையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி ஒலுவில். இந்தக் கரைக்குத் துறைமுகம் இல்லை என்ற பழைய குறையைத் தீர்க்கக் கனவு கண்டவர் எம்.எச்.எம். அஷ்ரப். 1994இல் துறைமுக அமைச்சரானார், 2000 செப்டெம்பர் 16ஆம் திகதி ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்தார். டென்மார்க் கடனுதவியோடு 2008இல் வேலை தொடங்கிய துறைமுகத்தை 2013 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச திறந்துவைத்தார். வணிகத் துறைமுகம் ஒரு பக்கம், மீன்பிடித் துறைமுகம் ஒரு பக்கம். தலைமுறைக் கனவு நிறைவேறியது என்று சுவரொட்டிகள் ஒட்டினார்கள்.

கரையோரமாக மணல் எப்போதும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அலை சாய்வாக மோதும்போது ஒரு பிடி மணலைக் கொஞ்சம் வடக்கே தள்ளிவிட்டுப் போகும், அடுத்த அலை இன்னும் கொஞ்சம். குறுக்கே கடலுக்குள் கல் அணை நீட்டினால் மணல் தெற்குப் பக்கம் குவியும், வடக்குப் பக்கம் பட்டினி கிடக்கும். இது புதிய விஞ்ஞானம் அல்ல. 1870களில் சென்னைத் துறைமுகம் கட்டத் தொடங்கியதும் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள் வந்தது. வங்கக் கடலின் எதிர்க்கரையில் நூற்றைம்பது வருடமாகக் கண்முன்னே கிடக்கும் பாடம். ஒலுவிலில் அதுவே நடந்தது. துறைமுக வாயில் மணலால் அடைபட்டது. தோண்டத் தோண்டத் தூர்ந்தது. வணிகக் கப்பல்கள் வழக்கமாக வந்து போகும் இடமாக அது ஆகவேயில்லை. மீன்பிடிப் படகுகளும் வாயிலைக் கடக்க முடியாமல் நின்றன. வடக்கே ஒலுவில் கடற்கரை, தென்னைகள், பிறகு நிந்தவூர் என்று அரிப்பு ஏறிக்கொண்டே வந்தது. அணை கட்டிய ஆறுகள் மணலைக் கடலுக்குக் கொண்டுவருவதும் குறைந்துபோன கரை இது. இருந்ததையும் துறைமுகம் மறித்தது. மாளிகைக்காட்டில் மையவாடியின் மதிலைக் கடல் இடித்தபோது, அடக்கப்பட்டவர்களைக் காப்பாற்ற ஊர் திரண்டு மண்மூட்டை அடுக்க வேண்டி வந்தது.

அரிப்புக்கு மருந்து என்று கருங்கல் கொட்டினார்கள். வீடுகளுக்கு அது தேவைதான், மறுக்க முடியாது. ஆனால் கல் கொட்டிய இடத்தில் கரைவலை இழுக்க முடியாது. வலை கிழியும், காலூன்ற மணல் இல்லை, தோணியை ஏற்றவும் வழியில்லை. ஒரு பாட்டின் நடுவே லொறிக் கணக்கில் கல் விழுந்த நாளோடு அந்தப் பாடு முடிந்தது. நூறு வருடம் முறை வைத்துச் சண்டைபோட்ட இடத்தில் இப்போது சண்டைக்கே இடமில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே எஞ்சிய மணலில் படகுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. மழைக் காலத்தில் கடல் ஏறினால் அவற்றை றோட்டுக்கே இழுத்துவர வேண்டியிருக்கிறது.

இதற்கிடையே தொழிலின் பெரிய பங்கு ஆழ்கடலுக்குப் போய்விட்டது. சாய்ந்தமருது, கல்முனைக்குடி முதலாளிகளிடம் பல நாள் தங்கி மீன் பிடிக்கும் படகுகள் உண்டு. கிளவாளை, சூரை, சுறா என்று நூறு மைலுக்கு அப்பால் போய் வருகிறார்கள். சொந்த ஊரில் நிறுத்த இடமில்லாததால் பல படகுகள் வாழைச்சேனைத் துறைமுகத்தை நம்பி இருக்கின்றன. ஊர்க்காரன் பிடித்த மீன் அறுபது எழுபது கிலோமீற்றர் தள்ளி இறங்கி, லொறியில் ஊருக்கு வருகிறது. நல்ல கிளவாளை ஊருக்கே வராமல் கொழும்புக்கும் அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் போகும். கட்டுப்பாடில்லாத ஆழ்கடல் மீன்பிடி என்று குற்றம் சாட்டி ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியிலிருந்து 2016 நடுப்பகுதிவரை இலங்கை மீனுக்குக் கதவடைத்தபோது, அதன் அடி வாழைச்சேனை இறங்குதுறையிலும் விழுந்தது.

சிறு படகுக்காரனுக்கு அடி விழுந்தது 2022இல். மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயானது. பின்னால் மாட்டும் எஞ்சின் ஓடுவது மண்ணெண்ணெயில். ஒருமுறை போய்வரும் செலவுக்கே மீன் படவில்லை என்று படகுகள் கவிழ்ந்து கிடந்தன. அந்த மாதங்களில் எண்ணெய் அதிகம் குடிக்காத கரைவலைப் பக்கம் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே போன இளைஞர்களில் கத்தாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் வேலை போய்த் திரும்பியவர்களும் இருந்தார்கள். ஆனால் இழுவைக்கு ஆள் பழையபடி கிடைப்பதில்லை. சில இடங்களில் உழவு இயந்திரத்தில் சுழல் உருளை பூட்டிக் கயிற்றை இழுக்கிறார்கள். முப்பது பேர் வேலையை நாலைந்து பேர் முடிக்கலாம். அடியில் கிடப்பதையெல்லாம் வாரிக்கொண்டு வருகிறது, குஞ்சு மீனும் தப்புவதில்லை என்று வடக்கிலிருந்து கிழக்குவரை இதற்கு எதிர்ப்பு இருக்கிறது. கயிற்றைப் பிடித்தவனுக்குப் பங்கு என்ற பழைய கணக்கில் உருளையின் பங்கு யாருக்கு என்பதும் தீரவில்லை. என்னைக் கேட்டால் முதலாளிக்குத்தான் போகும், போய்க்கொண்டும் இருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும், நல்ல பருவத்தில் ஒரு நாள் கீரி கூட்டமாகக் கரைக்கு வரும். ஒரே காலையில் பல வலைகளில் படும். விலை காலையில் ஒன்று, ஒன்பது மணிக்கு அதில் பாதி. காரைதீவு முச்சந்தியில் ஐஸ் போதாமல் மோட்டார் சைக்கிள்கள் மேற்கே விரட்டிக்கொண்டு போகும். அன்று வீரமுனையில் மீன்காரன் ஹோர்ன் ஒரு தடவைக்கு மூன்று தடவையாகக் கேட்கும். இரண்டாவதாக வருகிறவன் முதலாமவனைவிடக் குறைத்துச் சொல்வான், மூன்றாமவன் வரும்வரை காத்திருக்கும் கெட்டிக்காரிகளும் அந்த ஊரில் உண்டு.

அடுத்த இதழில் தெற்கே போகிறோம். திருக்கோவில் தாண்டி, கோமாரி தாண்டி, அலையில் சறுக்கும் வெள்ளைக்காரர்களும் வாடி போட்டுத் தங்கும் மீனவர்களும் ஒரே குடாவைப் பங்குபோடும் பொத்துவில், அறுகம்குடாவுக்கு.

(தொடரும்)